லீஃப் ஏன் "நாங்க"ன்னு பேசுறான்: பக் ஃபேபிள்ஸ் விளையாடி முடிச்சாச்சு

ஏலக்காயை சூட்டுல காய வெக்கிற ஸ்டோர்ல ராத்திரி முழிச்சிருக்கிறவங்களுக்குத் தெரியும், பச்சைக்காயை தட்டுல பரப்பி உள்ள ஏத்திட்டோம்னா அப்புறம் பெருசா வேலை இல்ல, ஆனா தூங்கவும் முடியாது. சூடு 50 டிகிரியை ஒட்டியே நிக்கணும். ஏறினா காயோட பச்சை போயிடும், எறங்கினா வேர்த்துப் போயி நாள் முழுக்க எடுத்த காய் வீணாகும், அஞ்சு கிலோ பச்சைக்காய் காஞ்சுதான் ஒரு கிலோ வருது, அதுல நிறம் கொறஞ்சா ஏலத்துல விலை அடிபடும். அதனால மணிக்கொரு தடவை எந்திரிச்சு மீட்டரைப் பாக்கணும், விறகு தள்ளணும், திரும்ப வந்து உக்காரணும். அந்த இடைவெளி நேரத்துல நானும் என் அக்கா மகனும் நாலு மாசமா விளையாடி முடிச்ச கேம் தான் பக் ஃபேபிள்ஸ். வெள்ளி, சனி ராத்திரி மட்டும் அவனுக்கு ஸ்டோர்ல படுக்க அனுமதி, வெளிய எங்க இடுக்கி வண்டன்மேட்டு மழை, உள்ள கதகதன்னு இருக்கும், ரெண்டு சாக்கை விரிச்சு லேப்டாப்பை நடுவுல வெச்சுக்குவோம்.

மொதல்ல கேம் என்னன்னு சொல்லிடறேன். மூன்ஸ்ப்ரௌட் கேம்ஸ்னு பனாமா நாட்டுல ஒரு சின்ன டீம் பண்ணினது, 2019 நவம்பர்ல கம்ப்யூட்டருக்கு வந்துச்சு, 2020 மே மாசம் ஸ்விட்ச், பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் எல்லாத்துக்கும் வந்துச்சு. டர்ன் பேஸ்டு ஆர்பிஜி, அதாவது நீ ஒரு அடி அடி, அப்புறம் நான் ஒரு அடி அடிக்கிறேன்னு முறை வெச்சு நடக்கிற சண்டை. பழைய பேப்பர் மரியோ விளையாடினவங்களுக்குப் பார்த்த உடனே புரியும், பேப்பர்ல வெட்டி ஒட்டின மாதிரி தட்டையான ஆளுங்க ஒரு முப்பரிமாண உலகத்துல நடந்து போவாங்க, அந்த கேமோட சாயல்ல பண்ணினதுன்னு அவங்களே மறைக்கல. ஆனா இங்க ஆளுங்க எல்லாமே பூச்சி. எறும்பு, தேனீ, குளவி, கரையான் எல்லாத்துக்கும் தனித்தனி ராஜ்ஜியம் இருக்கு, எல்லை இருக்கு, ஒருத்தர் மேல ஒருத்தருக்கு சந்தேகம் இருக்கு. எறும்பு மகாராணி ஒரு அழியாத செடியைத் தேடச் சொல்லி ஊர் ஊரா ஆள் அனுப்புறாங்க, அப்படிப் போற ஒரு டீம் தான் நாம. கப்புன்னு ஒரு பச்சை வண்டு, வீன்னு ஒரு சின்னப்பொண்ணு தேனீ, லீஃப்னு ஒரு நீல அந்துப்பூச்சி.

இந்த மூணு பேர் தான் கேமே. மத்ததெல்லாம் அப்புறம்.

கப்பு எல்லார்கிட்டயும் மரியாதையா பேசுவான், எதிரிகிட்ட கூட. நான் அவனுக்கு மேடைத்தமிழ் வெச்சுட்டேன், "தயவுசெய்து வழி விடுங்கள்" அப்படின்னு. வீ வீட்டை விட்டுக் கெளம்பி வந்தவ, காசுன்னா உயிர், வாயில மரியாதையே வராது, அவளுக்கு எங்க கம்பம் பாட்டி சந்தையில பேசுற பேச்சை அப்படியே குடுத்தேன். கேம்ல தமிழ் கிடையாது, மலையாளமும் கிடையாது. பையன் மூணாம் கிளாஸ் மலையாளம் மீடியம், வீட்ல தமிழ் பேசுவான் ஆனா எழுதப் படிக்கத் தெரியாது, இங்கிலீஷ் எழுத்துக்கூட்டி ஒரு வரி படிக்கிறதுக்குள்ள அடுத்த காட்சி வந்துடும். அதனால ஒவ்வொரு டயலாக்கையும் நான் தமிழ்ல வாய்விட்டு சொல்லணும், அதுவும் மூணு குரல்ல.

இதுல தான் லீஃப் என்னை மாட்டிவிட்டான். அவன் ஆரம்பத்துலேர்ந்தே தன்னைப் பத்தி "நான்"னு சொல்லவே மாட்டான், எப்பவும் we, our, us அப்படின்னு பன்மையில தான் பேசுவான். இங்கிலீஷ்ல ஒரே வார்த்தை, பிரச்சனை இல்ல. தமிழ்ல "நாம"ன்னா கேக்குறவனையும் சேத்துக்கிட்டாச்சு, "நாங்க"ன்னா நீ வெளிய நில்லுன்னு அர்த்தம். மொத நாள் நான் "நாம இங்க எவ்ளோ நாள் தூங்கினோம்னு தெரியல"ன்னு படிச்சேன், பையன் உடனே "யாரு மாமா நாம, கப்புவும் தூங்கினானா?"ன்னு கேட்டான். அதுலேர்ந்து "நாங்க"ன்னு மாத்திட்டேன். மாத்தின உடனே அந்த அந்துப்பூச்சிக்கு ஒரு தனிமை வந்துடுச்சு, பக்கத்துல ரெண்டு பேர் இருக்கும்போதே அவன் வேற யாரையோ கூட்டு சேத்துப் பேசுற மாதிரி. பையன் "அவன்கூட வேற யாராவது இருக்காங்களா"ன்னு ஒவ்வொரு வாரமும் கேட்டுக்கிட்டே இருந்தான். அதுக்கு கேம்ல பதில் இருக்கு, ரொம்ப தூரம் போனப்புறம் வரும், அதை இங்க சொல்லமாட்டேன், ஆனா அந்த பதில் வந்த ராத்திரி நாங்க ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. ஒரு சின்ன பேச்சு வழக்கத்தை ஆரம்பத்துலயே போட்டு, விடாம புடிச்சுக்கிட்டு, கடைசில அதுக்கு ஒரு காரணம் வெச்சிருக்காங்க பாருங்க, எழுத்துன்னா அது.

எழுத்து எவ்ளோ நல்லா இருக்குன்னா, ஒரு பட்டன் இருக்கு, எந்த இடத்துல நின்னு அமுக்கினாலும் மூணு பேரும் அந்த இடத்தைப் பத்தி பேசுவாங்க. அதேமாதிரி சண்டையில ஒரு எதிரியை உளவு பாத்தா அதைப் பத்தி மூணு பேரும் ஆளுக்கொரு கருத்து சொல்லுவாங்க, அது புத்தகத்துல பதிவாகும். ஒவ்வொரு எதிரிக்கும் இது இருக்கு. ஒரு ஓரத்துல தனியா நடந்து போற சின்ன விதைப்பூச்சிக்குக் கூட ஒருத்தன் பாவம்னு சொல்லுவான், ஒருத்தி அடிச்சா எவ்ளோ கிடைக்கும்னு கேப்பா. பையன் சண்டையில தோத்தாலும் பரவால்ல மொதல்ல உளவு பாக்கணும்னு நிப்பான், அது ஒரு முறையை சாப்பிட்டுடும், பாஸ், அதாவது பெரிய எதிரியோட நடக்கிற சண்டையில அது பெரிய நஷ்டம், ஆனாலும் ஒரு தடவை கூட விட்டதில்ல.

சரி, சண்டை. நம்பர் எல்லாம் ரொம்ப சின்னது, இதுதான் எனக்கு மொதல்ல புடிச்சது. பெரிய பெரிய ஆர்பிஜில ஒரு அடிக்கு ஆயிரக்கணக்குல நம்பர் பறக்கும், நமக்கு ஒண்ணும் மனசுல நிக்காது. இதுல ஒரு அடிக்கு ரெண்டு, மூணு, அவ்ளோதான். ஒரு பாயிண்ட் கூடினா கொறஞ்சா சண்டையே மாறிடும், மூணாம் கிளாஸ் பையன் விரல் விட்டு கணக்கு போடுறான், "இவனுக்கு அஞ்சு இருக்கு, வீ ரெண்டு, கப்பு மூணு, முடிஞ்சது". அடிக்கும்போது சரியான நேரத்துல பட்டன் அமுக்கினா முழு அடி விழும், நம்மள அடிக்கும்போதும் அதேமாதிரி டைமிங்ல அமுக்கினா தடுக்கலாம், அப்படியே துல்லியமா அமுக்கினா இன்னும் அதிகமா தடுக்கும். அதனால எதிரி முறையிலயும் சும்மா உக்காந்து பாக்க முடியாது, கண்ணு ஸ்க்ரீன்லயே இருக்கும்.

அப்புறம் யாருக்கு யாருன்னு ஒரு கணக்கு இருக்கு. பறக்கிற எதிரிகிட்ட கப்புவோட கொம்பு எட்டாது, வீ பூமராங் மாதிரி ஒண்ணை வீசி அடிச்சுக் கீழ இறக்கணும். ஓடு கெட்டியா இருக்கிறதை கப்பு குத்திப் புரட்டிப் போடணும், புரட்டின உடனே மத்தவங்க அடி நல்லா விழும். மண்ணுக்குள்ள புதைஞ்சுகிட்டு இருக்கிறவன் லீஃபுக்கு, அவன் கீழேர்ந்து பனிக்கட்டியை எழுப்புவான், உறைய வெச்சா ஒரு முறை எதிரிக்கு போச்சு. இதோட நிக்கல, ஒருத்தன் தன் முறையை இன்னொருத்தனுக்கு விட்டுக் குடுக்கலாம். பறக்கிறவன் மூணு பேர் வந்துட்டா கப்பு சும்மா நிக்க வேணாம், தன் முறையை வீக்குக் குடுத்துடலாம், ஆனா வீ அதே சுத்துல திரும்ப அடிக்கும்போது களைச்சுப் போயி அடி ஒரு பாயிண்ட் கொறையும். யார் முன்னாடி நிக்கிறாங்களோ அவங்க அடி ஒண்ணு கூடும், அவங்களைத்தான் எதிரி அதிகமா குறி வெப்பான். ஸ்கில் போடறதுக்கான பாயிண்ட் மூணு பேருக்கும் பொதுவுல ஒரே உண்டியல், ஒருத்தன் அதிகமா எடுத்தா மத்தவனுக்கு இல்ல. கதையில இவங்க மூணு பேரும் சண்டை போட்டு, முறைச்சு, அப்புறம் ஒருத்தரை ஒருத்தர் நம்ப ஆரம்பிக்கிறாங்க இல்லையா, அந்த நம்பிக்கையை கேம் நம்ம கையிலயே செய்ய வெக்குது, நான் விளையாடின முறைவெச்ச சண்டைகள்ல இவ்ளோ ஒழுங்கா கதையோட ஒட்டினது வேற இல்ல.

மெடல்னு ஒண்ணு இருக்கு, மாட்டிக்கிட்டா ஆளுங்களோட பலம் மாறும், லெவல் ஏறும்போது உயிர், ஸ்கில் பாயிண்ட், மெடல் பாயிண்ட் மூணுல எதைக் கூட்டணும்னு கேக்கும், நாங்க கண்ணை மூடிக்கிட்டு மெடலுக்கே போட்டோம், அதை யோசிச்சு மாட்டினா பாதி கேம் வேற மாதிரி ஆகும். ஆரம்பத்துலயே ஹார்ட் மோட் மெடல் ஒண்ணு குடுப்பாங்க. குழந்தைகளோட விளையாடுறவங்க அதை மாட்டாதீங்க. நாங்க மாட்டிட்டு மூணாவது வாரம் கழட்டினோம், மாட்டினா பாஸுங்க நெஜமாவே கொல்லுவாங்க, தனியா விளையாடுற பெரியவங்களுக்கு ஆனா அதுதான் சரியான அளவு.

பூச்சி விஷயத்துல ஒண்ணு சொல்லியே ஆகணும். எங்க ஊர்ல பூச்சின்னாலே மருந்து தான். ஏலச்செடிக்கு இலைப்பேன் வந்தா காய் சொறி புடிச்சு விலை போகாது, தண்டுத்துளைப்பான் வந்தா தட்டையே காயும், அசுவினி வந்தா கட்டே நோயைக் கொண்டு வந்து விட்டுடும், அப்புறம் செடியை வேரோட புடுங்க வேண்டியதுதான். என் அக்கா புருஷன் மருந்தடிக்கிற வேலை பாக்குறவர். இந்த கேம்ல அந்த அசுவினி இருக்கு பாருங்க, அதை இவங்க ஆடு மாடு மாதிரி வளர்க்கிறாங்க, அதோட முட்டையை எடுத்து இலையோட சேத்து ஆம்லெட் போட்டா உயிர் ஏறும். பையன் அதை அவங்கப்பாகிட்ட போய் சொல்ல, அவர் சிரிக்கல, "நெஜமாவே எறும்பு அசுவினியை காவல் காக்கும்டா, இனிப்புத் தண்ணிக்காக, செடியில எறும்பு ஊர்றதைப் பாத்தாலே எனக்கு அசுவினி இருக்கோன்னு சந்தேகம் வந்துடும்"னு சொன்னார். மறுநாள் காலைல ஸ்டோருக்குப் பின்னாடி வாழைத்தண்டுல கூட்டிட்டுப் போய்க் காட்டினார், கருப்பு கருப்பா அசுவினி, நடுவுல எறும்பு ஒண்ணு மீசையால தட்டித் தட்டிப் போகுது. கேம் பண்ணினவங்க பூச்சியைச் சும்மா முகமூடியா போடல, பூச்சி எப்படி வாழுதோ அதை வெச்சே ஊரைக் கட்டியிருக்காங்க. எறும்பு ஊர்ல எல்லாரும் வேலை வேலைன்னு ஓடுறாங்க, தேனீ ஊர்ல தேன் ஃபேக்டரி ஓடுது. மனுஷங்க இந்த உலகத்துல இல்ல, "ராட்சசர்கள்"னு ஒரு பழைய கதையா மட்டும் பேசிக்கிறாங்க, அவங்க விட்டுட்டுப் போன சாமான் அங்கங்க மலை மாதிரி கிடக்கும். எங்க போனாலும் பையன் அதைத் தேடிக் கண்டுபுடிப்பான்.

இப்ப குறை. இருக்கு, அதுவும் சின்னதில்ல.

தாண்டிக் குதிக்கிற இடங்கள். ஆளுங்க தட்டையா இருக்காங்க, கேமரா ஒரே கோணத்துல நிக்குது, அந்த மேடு முன்னாடி இருக்கா பின்னாடி இருக்கான்னு கண்ணுக்குத் தெரியாது. நிழலைப் பாத்து தான் குதிக்கணும். மணல் பாலைவனத்துக்கப்புறம் இது கூடிக்கிட்டே போகும், லீஃப் தண்ணியை உறைய வெச்சு பனிக்கட்டி செஞ்சு அதைத் தள்ளி அதுமேல ஏறி வீயோட ரெக்கையில பறந்து எதிர்ல போகணும்னு வரும்போது ஒரு விளிம்புல விழுந்தா திரும்ப மொதல்லேர்ந்து. புதிர் நல்ல புதிர் தான், விடை எங்களுக்கு ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சுடும், ஆனா செஞ்சு முடிக்க அரை மணி நேரம். பையன் அழுதுட்டான் ஒரு நாள். இது புதிரோட கஷ்டம் இல்ல, கேமரா கோணத்தால வர்ற கஷ்டம், அதை மன்னிக்க எனக்கு மனசு வரல.

பை ரொம்ப சின்னது. ஆரம்பத்துல பத்து சாமானுக்கு மேல எடுத்துட்டுப் போக முடியாது. சமைக்கிற விஷயம் இவ்ளோ அழகா வெச்சிருக்காங்க, ரெண்டு பொருளைக் கலந்து விதவிதமா செஞ்சு பாக்கலாம், ஆனா பையில எடமில்லாம வழியில கிடைச்சதை எல்லாம் விட்டுட்டு வரணும். ஊர்ல ஒருத்தர் ஒரு சாப்பாடு கேப்பார், அதுக்குப் பொருள் மூணு ஊரு தள்ளி இருக்கும், போய் எடுத்து, திரும்பி வந்து சமைச்சு, மறுபடி போய்க் குடுக்கணும். எறும்புச் சுரங்கம் வழியா குறுக்குவழி திறக்கும், எல்லா இடத்துக்கும் இல்ல. இங்க நெடுங்கண்டத்துலேர்ந்து கம்பம் போறவன் மெட்டுல எறங்கி ஏறி எறங்கி ஏறி போற மாதிரி தான், ஒரு தடவை காட்சி அழகா இருக்கும், அதே வழியில ஆறாவது தடவை போகும்போது செத்த எதிரியெல்லாம் திரும்ப முளைச்சு வந்து நிக்கும். நடுவுல ரெண்டு அத்தியாயம் இப்படி நடையிலயே போகும், கதை நகராது. அங்க விட்டுட்டுப் போறவங்க நெறைய பேர் இருப்பாங்கன்னு தோணுது, விடாதீங்க, குளவி ராஜ்ஜியம் வந்தப்புறம் கதை பாய ஆரம்பிக்கும்.

அதோட சேவ். நெனைச்ச எடத்துல சேவ் பண்ண முடியாது, அங்கங்க ஒரு பளிங்குக்கல் மிதக்கும், அதைத் தட்டினா தான் சேவ். எங்க லேப்டாப் பேட்டரி போய் ரொம்ப நாளாச்சு, வயர் புடுங்கினா அணைஞ்சுடும். ஆவணி மாசம் ஒரு சனிக்கிழமை, தேன் ஃபேக்டரியில பெரிய ட்ரோன் மெஷின் பாஸ். அதுக்கு முன்னாடி கல்லைத் தட்டியிருந்தா தப்பிச்சிருப்போம், தட்டாம சுத்திப் பாக்கலாம்னு பையன் போய் இன்னும் ரெண்டு ரூம் தொறந்து ஒரு மெடல் எடுத்துட்டு நேரா பாஸ்கிட்ட போயிட்டோம். முக்கால்வாசி அடிச்சாச்சு. லீஃபும் வீயும் விழுந்துட்டாங்க, கப்பு மட்டும் ரெண்டு உயிரோட நிக்கிறான், பாஸோட அடியைத் தடுக்க பையன் ரெண்டு கையாலயும் பட்டனைப் புடிச்சுக்கிட்டு மூச்சை அடக்கிட்டு இருக்கான், வெளிய எங்கயோ சில்வர் ஓக் மரம் லைன் மேல விழுற சத்தம் கேட்டுச்சு. கரண்ட் போச்சு. ஃபேன் நின்ன உடனே ஸ்டோர்ல அந்த ஒரு மாதிரி அமைதி வரும், எனக்கு கேம் ஞாபகமே இல்ல, டார்ச்சை எடுத்துக்கிட்டு அடுப்புல விறகை வெளிய இழுக்க ஓடினேன், கதவைத் தொறந்து சூட்டை விட்டேன், காய் தப்பிச்சுது. திரும்பி வந்து பாத்தா பையன் இருட்டுல கருப்பு ஸ்க்ரீனைப் பாத்துக்கிட்டு "கப்பு இன்னும் நின்னுட்டு தான் இருக்கானா மாமா"ன்னு கேட்டான்.

அந்த பாஸை அடுத்த வாரம் திரும்ப மொதல்லேர்ந்து அடிச்சோம். கம்ப்யூட்டர்ல விளையாடுறவங்க எந்த ரூமுக்குப் போறதுக்கு முன்னாடியும் கல்லைத் தட்டிடுங்க. மலைக்கிராமத்துல இருக்கிறவங்க முடிஞ்சா ஸ்விட்ச்ல வாங்குங்க, கரண்ட் போனாலும் கையில சார்ஜ் இருக்கும்.

இசை ட்ரிஸ்டன் ஆல்ரிக்னு ஒருத்தர் போட்டது, சண்டை பாட்டு எல்லாமே துள்ளலா இருக்கும், எறும்பு ஊர் பாட்டு எங்க வீட்ல இப்ப எல்லாருக்கும் தெரியும், அக்கா பாத்திரம் கழுவும்போது முணுமுணுக்கிறா. ஸ்பை கார்ட்ஸ்னு ஒரு சீட்டு விளையாட்டு உள்ள இருக்கு, எனக்கு அது ஒட்டல, அதிர்ஷ்டம் ஜாஸ்தி. கரையான் ஊர்ல ஒரு வீடியோ கேம் பார்லர் இருக்கு, அதுக்குள்ள ரெண்டு குட்டி கேம், பையன் அங்கயே ரெண்டு ராத்திரி ஓட்டிட்டான்.

குரல் கிடையாது, எழுத்து மட்டும் தான், பேசும்போது பூச்சி சத்தம் மாதிரி கிச்கிச்னு வரும். பெரியவங்களுக்கு இது ஒரு குறையே இல்ல. சின்னப் பிள்ளைங்களுக்கு வாங்கிக் குடுக்கிறதா இருந்தா, பக்கத்துல ஒருத்தர் உக்காந்து படிச்சுக் காட்டுற நேரம் இருந்தா மட்டும் வாங்குங்க. இங்கிலீஷ் வராத பிள்ளை கையில தனியா குடுத்தா சண்டை போடும், குதிக்கும், ஆனா இந்த கேம் வெச்சிருக்கிற மூணு பேரும் அதுக்கு கிடைக்கமாட்டாங்க. தமிழ்ல யாராவது இதை மொழிபெயர்க்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை. மூணு பேருக்கும் மூணு தமிழ் தேவை, அதுக்கு நம்ம மொழியில எடம் தாராளமா இருக்கு.

ஒரே ஒரு விஷயம் சொல்லிட்டு நிறுத்திக்கிறேன். போன வாரம் பையன் ஸ்கூல்ல லீஃப் கதையை அவன் கூட்டாளிங்களுக்கு சொல்லியிருக்கான், மலையாளத்துல. எப்படிடா சொன்னேன்னு கேட்டேன். மலையாளத்துலயும் அதே ரெண்டு வார்த்தை இருக்கே, நம்மள், ஞங்ஙள்னு. யோசிக்கவே இல்ல அவன், "ஞங்ஙள்னு தான் சொன்னேன் மாமா, நம்மள்னா கப்புவும் சேந்துடுவான்ல"ன்னான். கடைசி காட்சிக்கு முன்னாடி இருக்கிற கல்லுல இன்னொரு சேவ் வெச்சிருக்கோம், லீஃபுக்காக மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணுமாம், அடுத்த காய் எடுப்பு வந்த உடனே.